முட்டி மடங்கினால் மட்டும் போதுமா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "முட்டி எப்போ நல்லா மடங்கும்?" என்பதுதான். மடங்கத்தான் வேண்டும், சாதாரண நாற்காலியில் உட்காரவே ஏறக்குறைய 90 டிகிரி தேவை. ஆனால் கால் முழுசாக நீள்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. பிசியோதெரபி பட்டப்படிப்பு முடிந்து எலும்பு மூட்டுப் பிரிவில் பயிற்சி எடுத்தபோது, எங்களை முதலில் பார்க்கச் சொன்னது அதைத்தான்.

முட்டி நேராக இருந்தால், நிற்கும்போது தொடைத் தசைக்கு வேலை குறைவு. பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே நின்றால் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கால் குட்டையானதுபோல் ஆகி நடை சாயும், போகப் போக முதுகும் வலிக்கத் தொடங்கும். பல வீடுகளில் இதற்கு வழி செய்து கொடுப்பது ஒரு தலையணை. முட்டிக்கு அடியில் வைத்தால் இதமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. இரவெல்லாம் அப்படியே கிடந்தால் முட்டியின் பின்புறத் திசுக்கள் இறுகி, மடக்கம் நிலைத்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

அடுத்தது தசை. மல்லாந்து படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கச் சொல்வேன். சிலருக்குக் குதிகால் மேலே வரும், முட்டி மட்டும் லேசாகத் தளர்ந்து மடங்கும். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்தால், நான் கையால் நீட்டும்போது 0 டிகிரி காட்டும் அதே முட்டி, அவராகத் தூக்கும்போது 15 காட்டும். அதாவது மூட்டு நீள்கிறது, தசைதான் பிடிக்கவில்லை. மூட்டில் வீக்கம் இருந்தால் தொடைத் தசைக்குப் போகும் நரம்புத் தூண்டலே குறைந்துவிடும். வீட்டில் இருப்பவர்களோ "முயற்சியே பண்றதில்லை" என்று திட்டுவார்கள். பாவம், அவர் முயன்றாலும் தசை கேட்காது.

மூட்டு இறுகியிருந்தால் நீட்டும் பயிற்சி. தசை தூங்கினால் முதலில் வீக்கத்தைக் குறைத்து, அப்புறம் தொடையை இறுக்கி ஐந்து நொடி பிடிக்கும் பயிற்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் உடற்கூறியலும் தசை இயக்கமும் அவ்வளவு படிக்கிறோம்.

"கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்பார்கள். தேவைப்பட்டால் வைப்போம், தசையைத் தூண்ட அது உதவும். ஆனால் என்ன அறுவை சிகிச்சை, எப்போது நடந்தது, எவ்வளவு எடை ஊன்ற மருத்துவர் அனுமதித்தார் என்று ஒன்றும் கேட்காமல், காலைத் தொட்டும் பார்க்காமல் மெஷினை மட்டும் மாட்டிவிட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்று. கெண்டைக்காலில் புதிதாக வீக்கம், வலி, சூடு வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள், இரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.