மஞ்சள் அட்டையில் சிறிய எழுத்து

தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் கால் வைக்க இடமிருக்காது. பேரங்காடியில் விலை அட்டை ஒட்டும் வேலையை 11 ஆண்டுகள் பார்த்தவன் நான். அட்டைகளில் தவறு அதிகம் இருப்பதும் அந்த வாரத்தில்தான்.

விலை கணினியில் நள்ளிரவிலேயே மாறிவிடும். அலமாரியில் அட்டையை மாற்றுவது காலையில் வரும் இரண்டு பையன்கள். சாமான் லோரி வந்துவிட்டால் அவர்களும் மூட்டை இறக்கப் போய்விடுவார்கள். முடிந்துபோன சலுகையின் மஞ்சள் அட்டை அப்படியே தொங்கும். கவுண்டரில் இருக்கும் ஸ்கேனருக்கு அட்டை தெரியாது. எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைக்கு நட்டம் தரும் தவறு அன்றைக்கே திருத்தப்படும். வாங்குபவருக்கு நட்டம் தருவது, யாராவது சத்தம் போடும்வரை தொங்கும்.

தவறே இல்லாத அட்டை இன்னும் மோசம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா ஒருநாள் பால்மாவுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். “தம்பி, 18.90 என்று போட்டிருக்கிறீர்கள். 23.50 அடித்துவிட்டார்களே?” நான் ஒட்டிய அட்டைதான். 18.90 என்பது கட்டைவிரல் உயரம். அதன் கீழே எறும்பு வரிசைபோல் ‘ஹர்கா அஹ்லி’, அதாவது உறுப்பினர் விலை. கைப்பேசியில் கடையின் செயலி இருந்தால்தான் அந்த விலை. அம்மாவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். எல்லோருக்குமான விலை, அட்டையின் மூலையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

‘செரெண்டா’, அதாவது ‘இவ்வளவு குறைந்த விலையிலிருந்து’ என்று போட்டிருந்தால், அந்த வரிசையில் மிக மலிவான ஒரு சாமானின் விலை மட்டுமே அது. இரண்டு வாங்கினால்தான் சலுகை என்பதும் சிறிய எழுத்தில்தான் வரும். பெரிய பொட்டலம் மலிவு என்ற நம்பிக்கையையும் விடுங்கள்: 500 கிராம் பருப்பு 4.50 வெள்ளி, ஒரு கிலோ 9.40 என்றால் இரண்டு சிறியதை எடுப்பதே லாபம். ரொக்கமாகக் கட்டும்போது தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிக்கட்டுவது 2008 ஏப்ரலில் வந்தது. அது மொத்தத் தொகைக்கு மட்டும், ஒவ்வொரு சாமானுக்கும் அல்ல.

விலை விஷயத்தில் வாங்குபவரைத் திசைதிருப்புவதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். ஆதாரம் வேண்டும். அலமாரியில் இருக்கும்போதே அட்டையைப் படம் எடுங்கள், ரசீதையும் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

நாலு வெள்ளிக்கு யார் மனு போடுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே திரையைப் பாருங்கள். விலை மாறியிருந்தால் ரத்துசெய்யச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் சாவியோடு வரவேண்டும், கொஞ்சம் நேரமாகும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.