காரில் ஆம்ப்ளிஃபயர் எங்கே உட்கார வேண்டும்?

காரில் ஆம்ப்ளிஃபயர் வைக்க இடம் தேடுபவர்கள் முதலில் அளப்பது பெட்டியின் நீள அகலத்தைத்தான். எங்கே நுழைகிறதோ அங்கே திருகி முடித்துவிடுகிறார்கள். ஆனால் முதலில் போட வேண்டிய கணக்கு சூட்டுக் கணக்கு.

கார் பேட்டரி 12 வோல்ட்; இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும். இந்த வோல்டேஜை மட்டும் நம்பி ஒரு 4 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால் சேனலுக்கு 20 வாட் சுமாருக்கு மேல் போகாது. (டேஷ்போர்டு ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் என்று அச்சடித்திருப்பது விளம்பரத்துக்கு.) அதற்கு மேல் வேண்டுமானால் வோல்டேஜை உயர்த்தியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சுற்று ஒன்று ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. அது கொடுக்கும் உயர்ந்த வோல்டேஜை வைத்துத்தான் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஸ்பீக்கரை இயக்குகின்றன. உயர்த்துவதிலும் சூடு உண்டு, இயக்குவதிலும் சூடு உண்டு.

கிளாஸ் ஏபி வகையில் (டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தைப் பாட்டுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வகை) 500 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு வீச்சில் அதன் செயல்திறன், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு, 60 சதவீதம் என்றால், பேட்டரி பக்கமிருந்து சுமார் 830 வாட் இழுக்கும். மீதி 330 வாட் வெறும் சூடு. பழைய 100 வாட் குண்டு பல்புகள் மூன்றை ஒரே பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. டிரான்சிஸ்டர்கள் சுவிட்ச் போல வேகமாகத் திறந்து மூடும் கிளாஸ் டி வகையில் செயல்திறன் 85 சதவீதம் வரை வருவதால் அதே 500 வாட்டுக்கு 90 வாட் அளவுதான் வீணாகும். சத்தத்தைக் குறைத்து வைத்தால் சூடும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்கத் தோன்றும். கிளாஸ் ஏபியில் அப்படி இல்லை. முழு சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஓடும்போதுதான் அதன் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகமாகக் காய்கின்றன.

இந்தச் சூடு வெளியேற வழி காற்றுதான். பெட்டியின் மேல் வரிவரியாக நிற்கும் அலுமினியத் துடுப்புகளைத் தொட்ட காற்று சூடாகி மேலே போகிறது. கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. துடுப்புகள் செங்குத்தாக, மேலும் கீழும் திறந்து நின்றால் இந்த ஓட்டம் தங்குதடையில்லாமல் நடக்கும். டிக்கியின் பக்கச் சுவரில் நிமிர்த்தி மாட்டுவது இதனால்தான் நல்லது. தரையில் மல்லாத்தி வைத்தாலும் பரவாயில்லை. மேலே உள்ள தட்டில் தலைகீழாகத் தொங்கவிடுவதுதான் மோசம்: துடுப்பிலிருந்து கிளம்பும் சூடு மேலே ஏறி மறுபடி அதே பெட்டியில்தான் முட்டும். சூடு எல்லை மீறினால் பாதுகாப்புச் சுற்று ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிடும். ஆறியதும் பாட்டு தானாகத் திரும்ப வரும். அப்படி நிற்காத நாட்களிலும் சேதம் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதியாகும்.

முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாமா? சின்ன கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் வைப்பதற்கு முன் சீட்டை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளிப் பாருங்கள். ஏர்பேக்குக்குப் போகும் ஒயர்கள் பல கார்களில் அங்கேதான் ஓடுகின்றன. மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொட வேண்டாம். ஈரக் காலணியிலிருந்து வடியும் தண்ணீரும் அங்கேதான் தேங்கும் என்பதால் பெட்டி தரையைத் தொடாமல் சற்று உயரமாக நிற்கட்டும். சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியின் மேலேயே திருகுவது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். ஓயாத அதிர்வில் கனமான கெப்பாசிட்டர்களின் கால்கள் ஆடி ஆடி, சால்டர் பிடிப்பில் விரிசல் விழும்.

இனி ஒயர். 830 வாட் என்றால் 13.8 வோல்ட்டில் 60 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் வைத்துக்கொண்டால், 20 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் கால் வோல்ட் இழப்போம். 8 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே இழப்பு 0.65 வோல்ட், அதாவது கிட்டத்தட்ட 40 வாட், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயரைச் சூடாக்குவதற்கு மட்டும் போகிறது. தூரம் கூடினால் ஒயரின் பருமனும் கூட வேண்டும். ஃபியூஸ் மட்டும் ஆம்ப்ளிஃபயர் எங்கே இருந்தாலும் பேட்டரி அருகிலேயே, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்ற வேண்டியது அந்த நீண்ட ஒயரை; வழியில் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கப்போவது ஒயர்தான்.

ஆம்ப்ளிஃபயரைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். சோம்பலில் இதைச் சரியாகச் செய்யாவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சுருதி ஏறும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கும். ஸ்டீரியோவுக்கு எர்த் டேஷ்போர்டில், ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில். இரண்டுக்கும் இடையே ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) தரும் மின்சாரத்தின் சிறு ஏற்ற இறக்கத்தால் நுண்ணிய வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகிறது. இரண்டையும் இணைக்கும் சிக்னல் கேபிளின் உறை வழியே அது பாட்டோடு கலந்துவிடுகிறது. பெட்டியை நேராக பாடியில் திருகாமல் ஒரு மரப்பலகையில் ஏற்றிப் பலகையைக் காரில் பொருத்துவதும், பவர் ஒயரைக் காரின் ஒரு பக்கமும் சிக்னல் கேபிளை மறுபக்கமும் கொண்டுபோவதும் இந்தத் தொல்லை வராமல் இருக்கத்தான்.

துளை போடும் முன் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு நேர் கீழே இருப்பது பெட்ரோல் டேங்க். பிரேக் குழாய்களும் தரையை ஒட்டித்தான் ஓடுகின்றன.