பக்க எண் ஏன் நழுவுகிறது?

புதியது மேலே வரும் பட்டியல் ஒன்றில் முதல் பக்கத்தை முடித்து ‘அடுத்து’ என்பதை அழுத்துகிறீர்கள். சற்றுமுன் கடைசியாகப் பார்த்த பதிவே இரண்டாம் பக்கத்தின் தலையில் வந்து நிற்கிறது. நிரல் சொன்னதைத்தான் செய்கிறது; கோளாறு பக்கம் வெட்டும் முறையில்.

சர்வரில் பக்கங்கள் என்று எதுவும் கிடையாது, இருப்பது ஒரே நீளப் பட்டியல். பக்கத்துக்கு 20 பதிவு என்றால், 7-ஆம் பக்கத்துக்கு டேட்டாபேஸ் மேலிருந்து 120 வரிகளைத் தாண்டி அடுத்த 20-ஐ எடுத்துத் தரும். இது ஆஃப்செட் முறை. இடையில் மேலே ஒன்று சேர்ந்தால் 20-ஆவது பதிவு 21-ஆவது ஆகி மறுபடி கண்ணில் படும். ஒன்றை நீக்கினால் 21-ஆவது மேலேறி, நீங்கள் முடித்துவிட்ட பக்கத்துக்குள் போய்விடும். இதுதான் மோசம். இரண்டு முறை வந்தது தெரியும். விடுபட்டது தெரியவே தெரியாது.

வேகமும் அடிவாங்கும். 50,000-ஆம் பக்கம் கேட்டால் 9,99,980 வரிகளைப் படித்து வீச வேண்டும்.

‘எத்தனையாவது’ என்பதை விட்டுவிட்டு ‘இதற்கு அடுத்தது’ என்று கேட்டால் இரண்டும் தீரும். கடைசியாகக் காட்டிய பதிவின் நேரத்தை லிங்க்கில் வைத்து, அதைவிடப் பழைய 20-ஐக் கேட்கலாம். நேரத்துக்கு இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்ற, வரிசைப்படுத்திய தேடல் பட்டியல்) இருந்தால் டேட்டாபேஸ் நேரே அந்த இடத்துக்குப் போகும். ஆனால் நேரம் மட்டும் போதாது. ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் விழுந்து, வெட்டு அவற்றின் நடுவே அமைந்தால் இரண்டாவது தொலையும். நேரம், ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளம்) இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். இன்டெக்ஸும் அதே வரிசையில் இருக்கட்டும். 21 கேட்டு 20 காட்டினால், அடுத்த பக்கம் உண்டா என்பதும் மொத்தத்தை எண்ணாமலே தெரிந்துவிடும். நேராக 37-ஆம் பக்கத்துக்குத் தாவ மட்டும் முடியாது.

எண்கள் வேண்டியே தீரும் என்றால் பழையதிலிருந்து எண்ணுங்கள். புதியவை கடைசிப் பக்கத்தில் சேரும்; எதையும் நீக்காதவரை 3-ஆம் பக்கம் 3-ஆம் பக்கமாகவே இருக்கும்.

பக்க எண்களைக் காட்டும் பட்டையில் இரண்டு சில்லறைத் தவறுகள் அடிக்கடி நேரும். 1,043 பதிவுகளை 20-ஆல் வகுத்தால் 52.15; கீழ்நோக்கி முழுமையாக்கினால் கடைசி 3 பதிவுகளுக்கு வழியே இராது, 53 என்றே வைக்க வேண்டும். 5-ஆம் பக்கத்தில் ‘1 … 3 4 5 6 7 … 53’ என்று வரும். முதல் புள்ளிகள் மறைப்பது 2 என்ற ஒரே எண்ணை. அந்த இடத்தில் 2-ஐயே போட்டுவிடலாம்.