எழுதிய நாடகத்தை முதலில் யாரிடம் கொடுப்பது?

ஒரு காலத்தில் சென்னையில் நாடகப் பிரதியின் முதல் வெளி வாசகர் போலீஸ்காரர்தான். 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பேரில் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி வழக்குப் போட்டார், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த வாசகர் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் இப்போது வேறு எந்த வாசகரும் பார்க்காமல் நேராக ஒத்திகைக்கு வந்துவிடும் பிரதிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

நாடகம் இயக்குவது என் தொழில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மொட்டை மாடியில் கூடி, புதிதாக எழுதுகிறவர்களின் பிரதியை உரக்கப் படிக்கிறோம். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் படித்தால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், குரலாலேயே ஓட்டையை அடைத்துவிடுவார். வேறொருவர் படிக்கும்போதுதான் அந்த ஒன்றரைப் பக்க வசனத்தில் நடிகருக்கு மூச்சுத் திணறுவது தெரியும். போன மாதம் ஒரு பிரதியில், இரண்டு கையிலும் பெட்டியோடு உள்ளே வந்த அத்தை அடுத்த வரியிலேயே காபி டம்ளரை வாங்கிக்கொண்டாள். படித்தவரே நிறுத்திவிட்டு, "எந்தக் கையில?" என்று கேட்டார்.

அதே பிரதியில் 22 காட்சிகள். சீரியல் பார்த்து வளர்ந்த கை, வேறென்ன. நடுவில் 21 முறை விளக்கு அணைய வேண்டும், சாமான் மாற்ற ஒவ்வொன்றுக்கும் 40 வினாடி என்று வைத்தாலும் 14 நிமிடம் ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எழுதியவர் கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மாதம் ஒன்பது காட்சிகளோடு வந்தார்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: கேள்வி கேட்கலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. "நானா இருந்தா இங்க அம்மாவைச் சாகடிச்சிருப்பேன்" என்று ஆரம்பிப்பவரை அங்கேயே நிறுத்திவிடுவோம். பிரதி கெட்டுவிடும் என்பது ஒரு பக்கம், உரிமைத் தகராறு இன்னொரு பக்கம். யோசனை சொன்னதற்காக மட்டும் யாரும் ஆசிரியராகிவிட முடியாது, ஆனால் ஒரு காட்சியையே எழுதித் தந்தால் அப்புறம் சமாச்சாரமே வேறு.

எங்களிடம் வந்த ஒரு பெண் தன் நாடகத்தை வாய்வார்த்தையாக ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தார். நோட்டீசில் அவர் பெயர் 'வசன உதவி' என்று வந்திருந்தது. பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது, அதற்குப் பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கால வரம்பு குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம். அதனால் எத்தனை முறை மேடையேற்றலாம், எந்த ஊரில், எவ்வளவு தொகைக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். "நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம்" என்று சிரிப்பார்கள். நீங்களும் கூடச் சிரித்துக்கொண்டே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.