"இது யார் கை?"

"எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், பையன்தான் பயந்துபோய் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்" என்றார் அந்த அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பேச்சில் துளிக் குழறலும் இல்லை. அவருடைய இடது கையைத் தூக்கி அவர் கண்ணெதிரே பிடித்து, "இது யார் கை?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "உங்கள் கைதானே" என்றார். மகனின் முகம் வெளுத்துவிட்டது.

விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. முந்தைய நாள் காலை தட்டில் நான்கு இட்லி. வலப்பக்கம் இருந்த இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் இருந்தவற்றைத் தொடாமலேயே "இன்னும் இரண்டு வை" என்று கேட்டிருக்கிறார். வயதாகிவிட்டது, மறதி என்று மருமகள் விட்டுவிட்டார். மாலையில் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். வலி எதுவும் இல்லையே என்று ஒரு முழு நாள் போய்விட்டது.

வந்திருந்தது பக்கவாதம். சிக்கலே அந்த வலியில்லாமைதான். காலில் முள் குத்தினால் உடனே அறியும் மூளைக்கு, தன் மேல் கத்தி பட்டால் தெரியாது. வலியுணரும் நரம்புகள் அதன் உறைகளிலும் ரத்தக் குழாய்களிலும் உண்டு. மூளைத் திசுவில் இல்லை. நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதமும் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வருகிறது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 1,300 கிராம். ஆனால் நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது; அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பு மூட்டும் குடும்பம் மாதிரி. வரத்து நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும்.

எந்த வேலை கெடுகிறது என்பது எந்த இடத்தில் அடைப்பு என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது பெருமூளையில். பாரிஸில் 1861-இல் "டான்" என்ற ஓர் அசையைத் தவிர வேறு பேச முடியாத நோயாளி ஒருவர் இறந்த பிறகு, அவருடைய மூளையின் இடது முன்மடலில் பழுதைக் காட்டினார் பால் புரோக்கா என்ற மருத்துவர். இடது மூளை பாதிக்கப்பட்டால் பேச்சு குழறும், வலது கை விழும். வீடே பதறிக் கிளம்பிவிடும். வலது மூளை அப்படியில்லை. நமது இருபுறத்தையும் கவனித்துக்கொள்வது பெரிதும் அதுதான். அது பழுதானால் இடப்பக்க உலகமே இல்லாமல் போகும். இல்லாமல் போனதும் தெரியாது. பேச்சு தெளிவாக இருக்கும். "ஒன்றுமில்லை" என்று நோயாளியே சொல்வார், குடும்பமும் நம்பிவிடும். என் அனுபவத்தில் தாமதமாக வருகிறவர்களில் இவர்களே அதிகம்.

அடுத்து ஏமாற்றுவது சிறுமூளை. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. நடையின் சமநிலை அதன் பொறுப்பு. அங்கே அடைத்தால் திடீரெனத் தலை சுற்றும், வாந்தி வரும், கால் தள்ளாடும். நம் வீடுகளில் இதற்குப் பெயர் பித்தம். மருந்து எலுமிச்சைச் சாறு. ஆண்களாக இருந்தால் குடித்திருக்கிறார் என்ற பழி வேறு.

கட்டைவிரல் பருமனுள்ள மூளைத்தண்டில் மூச்சும் விழுங்குதலும் இருக்கின்றன. எனவே பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரினும் வேண்டாம். புறா ரத்தம் தேய்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னமும் உண்டு. புறாவுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

அந்த அம்மாவுக்கு அந்த அவகாசம் முந்தைய நாளே முடிந்திருந்தது. பிசியோதெரபி தொடங்கினோம். மகனை எப்போதும் இடப்பக்கமே உட்கார்ந்து பேசச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன்.

"என் கைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்படித்தான் பையன் சொல்கிறான்" என்றார்.