ஆட்டோ பைலட் பெட்டியைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் படகு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். போன வாரமும் ஒரு படகில், சுக்கானைத் தானாகவே திருப்பிப் படகை ஓட்டும் ஆட்டோ பைலட்டின் கண்ட்ரோல் பெட்டியைக் கழற்றி, 'கார்டு (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை) போயிருச்சு' என்று முடிவுகட்டி, புதுப்பெட்டிக்கு முன்பணமும் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரில், அடித்தட்டுத் தண்ணீருக்குச் சற்று மேலே, முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். டேப்பைப் பிரித்ததும் பச்சைக் களிம்பு உதிர்ந்தது. வயரை உரிக்க உரிக்கச் செம்பு கறுப்பாகவே வந்தது.

"மீட்டர்ல பன்னிரண்டரை காட்டுதேண்ணே!" எல்லாரும் சொல்வது இதுதான். எப்போது காட்டியது? சுக்கானைத் திருப்பும் ஆட்டோ பைலட் பம்ப் ஓடாமல் சும்மா இருந்தபோது. களிம்பேறிய ஜாயிண்ட்டிலும் கொஞ்சம் கரண்ட் போகும்; மீட்டருக்கு அதுவே போதும், முழு வோல்டேஜ் காட்டிவிடும். சுக்கானைத் திருப்ப பம்ப் ஓடும் நொடியில்தான் வோல்டேஜ் படுத்துவிடும், பெட்டி அணைந்து மறுபடி எழும். பம்ப் நின்றதும் மீட்டர் பழையபடி பன்னிரண்டரை. அதனால் சும்மா அளந்த அளவை என்னிடம் சொல்லாதீர்கள். படகைக் கட்டிப்போட்டு, ஒருவர் ஆட்டோ பைலட் மூலம் சுக்கானை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்ப, அந்த நேரத்தில் பேட்டரி முனையிலும் பெட்டி முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு நடுவில் உள்ள வயரில்தான் இருக்கிறது. நெகட்டிவ் வயரையும் விடாதீர்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

ஜிபிஎஸ், திசைகாட்டி எல்லாம் ஒரே கேபிளில் பேசும் என்எம்இஏ 2000 இணைப்பு என்றால், முதலில் மெயினை அணையுங்கள். வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையின் டெர்மினேட்டர் (கேபிளின் இரு முனையிலும் செருகும் 120 ஓம் அடைப்பு) இல்லை, அல்லது நடுவில் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். முதன்மைக் கேபிளிலிருந்து பிரியும் கிளை எதுவும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

படகு நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறதா? திசைகாட்டி சென்சார் பக்கத்தில் பாட்டு ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரில் இருப்பது காந்தம்.

பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. நடுக்கடலில் வயர் தீப்பிடித்தால் எங்கே ஓடுவீர்கள்? இரண்டு பேட்டரியைச் சேர்த்து ஓடும் 24 வோல்ட் படகில், ஒரே பேட்டரியிலிருந்து 12 எடுப்பதையும் நிறுத்துங்கள், அந்த ஒன்று சீக்கிரம் செத்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தானே நிற்கிறது? அப்போதே பேட்டரியிலிருந்து பெட்டிவரை நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், வெள்ளீயம் பூசிய தடித்த வயராக மாற்றிவிடுங்கள். ஜாயிண்ட் போட்டே தீர வேண்டுமென்றால் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் செருகி இறுக்கி நசுக்கி), உள்ளே பசை உள்ள சுருங்கும் டியூபால் மூடுங்கள். டேப் மட்டும் வேண்டாம், தயவு செய்து.