வேதசாட்சி: கோர்ட்டிலிருந்து கோவிலுக்கு வந்த சொல்

கடலூர் கோர்ட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவரிடம் 'சாட்சி' என்று சொல்லிப் பாருங்கள். சம்மன், கூண்டு, வாய்தா, அப்புறம் சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ்சாட்சி, இவைதான் அவருக்கு ஞாபகம் வரும். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். சாட்சிக்கு நம்மிடம் அவ்வளவுதான் மரியாதை. அங்கிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி மிஷன் வீதிக்குப் போனால் அதே சொல் வேறு முகம் காட்டும். அங்குள்ள கிறிஸ்தவக் கோவிலில் 'வேதசாட்சி' என்றால் விசுவாசத்துக்காக உயிரை விட்டவர்.

இந்த இரண்டு சாட்சியும் வேறு வேறு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்பது வழக்கில் சாட்சி சொல்பவரைக் குறிக்கும் சாதாரணச் சொல். சாவுக்கும் அதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை. இயேசுவைப் பின்பற்றிய ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற கதையில் இது நன்றாகத் தெரியும். மரண தண்டனை என்றால் சாட்சி சொன்னவர்களே முதல் கல்லை எறிய வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அப்படி எறிய வந்தவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி, சவுல் என்ற இளைஞனின் காலடியில் வைக்கிறார்கள் (அப்போஸ்தலர் 7:58). அந்த வசனத்தில் 'சாட்சிகள்' கல்லெறிகிறவர்கள்தான். பின்னால் அந்தச் சவுலே கிறிஸ்துவை ஏற்றுப் பவுலாகி அந்த நாளை நினைத்துச் சொல்லும்போது, "உம்முடைய சாட்சியாகிய ஸ்தேவான்" என்கிறார் (22:20). கல்லை எறிந்தவர்களுக்குச் சொன்ன சொல் கல்லடிபட்டவருக்கு வந்துவிட்டது. (மிஷன் வீதிப் பேராலயத்தை ஊரார் சம்பா கோவில் என்கிறார்களே, அதற்கும் சம்பா நெல்லுக்கும் உறவில்லை. சம்பவுல், அதாவது இதே பவுலின் பெயர்தான் வாயில் மருவியிருக்கிறது.)

சொல்லில் சாவு ஏறியது அதற்குப் பிறகு. ரோமை ஆட்சியில் கிறிஸ்தவர் என்று பிடிபட்டவரிடம் அதிகாரி கேட்டது சின்ன விஷயம்: கிறிஸ்துவை மறுத்துவிடு, பேரரசர் சிலை முன் ஒரு துளி சாம்பிராணி போடு, வீட்டுக்குப் போ. நம் கோர்ட்டு பாஷையில் சொன்னால், பிறழ்சாட்சியாகிவிடு. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப்பு, 86 ஆண்டுகள் நான் சேவித்தவரை எப்படிப் பழிப்பேன் என்று கேட்டுவிட்டுச் செத்தார். இப்படிச் சொன்ன சொல்லை மாற்றாமல் மாண்டவர்களுக்கென்றே 'மார்த்துஸ்' உரியதாகிவிட்டது.

கோர்ட்டுக்குப் போகும் சாட்சியை வக்கீல் முந்தின நாளே உட்காரவைத்து, இதைக் கேட்டால் இதைச் சொல் என்று தயார் செய்வார். இயேசு தம் ஆட்களுக்குச் சொன்னது நேர்மாறு. உங்களைப் பிடித்துக் கொடுக்கும்போது என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள், அந்த நேரத்தில் அது உங்களுக்கு அருளப்படும் (மத்தேயு 10:19). வேதசாட்சியின் தைரியம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால் இந்த வசனத்தைத்தான் காட்டுவேன்.

போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1686-ல் மறவர் சீமையில் (ராமநாதபுரம் பக்கம்) சித்திரவதைப்பட்டு விடுதலையானவர். ஐரோப்பாவுக்குப் போனார், அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி அதே சீமைக்கு வந்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையைக் கொடுத்தார். 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற திருவிதாங்கூர் நீலகண்ட பிள்ளைக்கு வைத்த பெயர் தேவசகாயம். லாசர் என்ற எபிரேயப் பெயரின் தமிழாக்கம் அது. கடவுளே துணை என்று பொருள். அந்தப் பெயரோடுதான் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார். 2022-ல் புனிதரானார்.

'துணை' என்றதும் கடலூர்க்காரனுக்கு அப்பர் ஞாபகம் வராமல் இருக்காது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோதும் 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்றவர். அவர் கரைசேர்ந்த இடத்துக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர்.

சரி, இந்த 'மார்த்துஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சாட்சி வடமொழி. 'அக்ஷி', கண், அதில் ஒளிந்திருக்கிறது. கண்ணால் கண்டவர் சாட்சி. வேதமும் வடமொழிதான். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் மார்க்கத்தையே வேதம் என்று அழைத்ததால் 'வேதக்காரர்', 'வேதக்கோயில்' எல்லாம் வழக்கில் உண்டு. புதுச்சேரிக்கே வேதபுரி என்று பழம்பெயர் இருக்கிறது. அங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1748-ல் இடித்ததை, பிரெஞ்சு ஆளுநரிடம் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வேதம் என்ற சொல்லைப் பேசும்போது அதையும் மறைக்கக் கூடாது.

சிலர் 'தியாகி' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆலைத் தொழிலாளர்களைத் தியாகிகள் என்கிறோம், அது சரி. தியாகத்தில் கொடுப்பது முன்னால் நிற்கிறது, சாட்சியில் சொல்வது முன்னால் நிற்கிறது. அரபியின் 'ஷஹீத்'தும் சாட்சி என்ற வேரிலிருந்து வந்ததுதான். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் 'இரத்தசாட்சி' என்பார்கள். அழுத்தம் இரத்தத்துக்குப் போய்விடுகிறது.

கத்தோலிக்கர் இப்போது எழுதுவது 'மறைசாட்சி'. மறை என்றால் வேதம். பாதி தமிழ், நல்ல சொல், ஆனால் ஒரு ஒற்று குறைகிறது. மறைக்கல்வி, மறைப்பணி என்று எழுதுகிறவர்கள் இதில் மட்டும் 'ச்'சை விட்டுவிடுகிறார்கள். ஒற்று இல்லாவிட்டால் அது வினைத்தொகை: மறைத்த சாட்சி, மறைக்கின்ற சாட்சி! மறைக்க மாட்டேன் என்று செத்தவருக்கு இப்படி ஒரு பெயரா?

முழுத் தமிழ் வேண்டுமென்றால் சாட்சிக்குப் பழைய சொல் 'கரி'. 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளில் இருக்கிறது. கலித்தொகையில் 'கரி பொய்த்தான்', அதாவது பொய்ச்சாட்சி சொன்னவன், அடியில் உட்கார்ந்த மரமே வாடிப்போகிறது. அழகான சொல்தான். ஆனால் பிரசங்கத்தில் 'மறைக்கரி' என்று சொன்னால் பாதிப் பேர் காதில் மரக்கறி என்று விழும். 'மறைச்சான்றர்' கொஞ்சம் விறைப்பு. நான் எழுதும்போது மறைச்சாட்சி, ஒற்றோடு. வீட்டில் பேசும்போது இன்னும் வேதசாட்சிதான்.